நடைப்பயணிக்கு ஒரு மறைவிடம்

ஆடி கழிந்து ஆவணி பிறக்கும் நாள்களில் காவிரி நாட்டுச் சாலைகளுக்குத் தனியொரு பொலிவு வந்துவிடுகின்றது. காவியுடுத்த ஆண்களும் பெண்களும், தோளில் ஒரு பையும் கையில் செபமாலையுமாக, அன்னையின் திருவுருவம் தாங்கிய சிறு தேரை இழுத்துக்கொண்டு கிழக்கு நோக்கி நடக்கின்றனர். ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. சென்னையிலிருந்து புறப்படுவோர் 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கின்றனர். தஞ்சையிலிருந்து செல்வோர்க்கும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உண்டு. இவர்களுள் பலர் காலில் செருப்பும் அணிவதில்லை. அதுவும் நேர்ச்சையின் ஒரு பகுதி.

இவ்வழிகளில் வாழும் மக்களின் அன்பை எவ்வளவு போற்றினாலும் தகும். மதம் பாராமல் பந்தல் போடுகின்றனர். மோரும் பானகமும் வழங்குகின்றனர். உச்சி வேளையில் சாம்பார்ச் சோறு. மாலையில் சுக்குக் காப்பி. கால் வீங்கியவர்க்கு நல்லெண்ணெய். கொப்புளம் கண்டவர்க்கு மருந்தும் கட்டும். பசித்தோர்க்கு உணவும் தாகமுற்றோர்க்கு நீரும் அளித்தல் என்னும் அறச்செயல்களை ஏட்டில் படித்த நாம், அவற்றை இச்சாலையோரங்களில் கண்ணாரக் காண்கின்றோம்.

ஆயினும், இத்தனை பந்தல்களுக்கு நடுவே ஒரு தேவை மட்டும் எவர் நினைவுக்கும் வராமலே போகின்றது. குடித்த நீரும் உண்ட சோறும் உடலை விட்டு வெளியேறியாக வேண்டுமே, அதற்கு நடைப்பயணி எங்கே செல்வது? இவ்விதழின் பக்கங்களில் இப்பொருளைப் பற்றி எழுதலாமா எனச் சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். பேசக் கூச்சமுள்ள செய்தி என்பதனாலேயே பல்லாண்டுகளாகப் பேசப்படாமல் கிடக்கின்றது. பேசாமையின் சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் பெண்களே. ஆதலின் பேசுகின்றோம்.

பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நடைப்பயணிகள் இன்றியே திருவிழா நடந்தேறியது. 2022-ஆம் ஆண்டு நம் பங்கிலிருந்து ஏறத்தாழ 60 பேர் மீண்டும் நடந்தோம். ஐந்து நாள் நடை. பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். நான்காம் நாள் பிற்பகல், நான்கு பிள்ளைகளின் தாயான ஒருவர் சாலையோரம் மயங்கி விழுந்தார். அருகிலிருந்த சுகாதார நிலையத்தில் அவரைப் பரிசோதித்த மருத்துவர், உடலில் நீர் வற்றிப்போயிருக்கின்றது என்றார். வழியெல்லாம் மோர்ப் பந்தல் இருந்தும் நீர் எப்படி வற்றும்? அன்றிரவு செபமாலை முடிந்தபின் மரியாயின் சேனையைச் சேர்ந்த மூத்த அம்மா ஒருவர்தாம் துணிந்து வாய் திறந்தார்.

“சாமி, வழி நெடுக மோர் கொடுக்கிறார்கள், பானகம் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிக்கத்தான் பயமாக இருக்கிறது. குடித்துவிட்டால் ஒதுங்க எங்கே போவது? விடியுமுன் இருட்டிலேயே எழுந்து கொல்லைப்பக்கம் போய் வருகிறோம். அதற்குப் பிறகு மறுபடி இருட்டினால்தான் உண்டு. அதுவரை நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி.”

அவர் தொடங்கியதும் மற்றவர்களும் பேசினர். ஒருவர் மூன்றாண்டுகளாக நீர்க்கடுப்பால் துன்புறுகின்றார். ஒவ்வொரு யாத்திரைக்குப் பின்னும் அது மிகுகின்றது. இன்னொருவரின் மகளுக்குப் புறப்படும் நேரத்தில் மாதவிலக்கு வந்துவிட்டது. துணி மாற்ற மறைவிடம் கிடைக்காது என்பதனால் அப்பெண் நேர்ச்சையை விட்டுவிட்டு வீட்டிலேயே அழுதுகொண்டிருந்தாள். இருட்டில் ஒதுங்கச் சென்றபோது பாம்பைக் கண்டு ஓடிவந்தவர் ஒருவர். குடித்துவிட்டு நின்ற ஆடவனைக் கண்டு ஓடிவந்தவர் இன்னொருவர். பாம்பைப் பற்றி வெளியே சொன்னாராம். மற்றதைப் பற்றி அன்றுவரை எவரும் சொல்லவில்லை.

அருகே அமர்ந்திருந்த ஆண்கள் தலை கவிழ்ந்தனர். ஆணுக்கு ஒரு மரத்தின் மறைவு போதும். பெண்ணுக்கு நான்கு புறமும் மறைவு வேண்டும். இதை அறியாதவர் எவருமில்லை. அறிந்தும் யாத்திரைக்கான பட்டியலில் தேர், ஒலிபெருக்கி, மின்னாக்கி, அரிசி, பருப்பு அனைத்தையும் எழுதுகின்ற நாம், இந்த ஒன்றை மட்டும் எழுதுவதில்லை.

இதனால் விளையும் கேடு பெண்களோடு நிற்பதுமில்லை. கழிவு திறந்த வெளியில் கிடந்தால் வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் நீர்வழியே பரவும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஜூன் 12-ஆம் நாளையொட்டி மேட்டூர் அணை திறக்கும் ஆண்டுகளில், நாம் நடக்கும் நாள்களில் வாய்க்கால்களெல்லாம் நிரம்பி ஓடும். ஒதுங்குவோர் கால் கழுவ வாய்க்கால் ஓரத்தையே நாடுவர். அதே வாய்க்காலில் சற்றுத் தொலைவில் ஓர் ஊரின் மக்கள் குளிப்பர், பாத்திரம் துலக்குவர். கொக்கிப்புழுவின் கதை இதனினும் கொடியது. மலத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாள்களில் தோலைத் துளைத்துச் செல்லும் வலிமை பெறுகின்றன. பாதத்தின் வழியாகவே அவை உடலுக்குள் நுழைந்து, குடலை அடைந்து, குருதியை உறிஞ்சுகின்றன. முதல் வாரம் சென்ற யாத்திரிகர் விட்டுச் சென்றதை, அடுத்த வாரம் வெறுங்காலோடு வரும் யாத்திரிகர் மிதிக்கின்றார். அன்னையின் அருள் நாடி நடப்பவர், தம்மை அறியாமலே பின்வரும் உடன்பிறப்புக்கு நோயை வைத்துச் செல்வது எவ்வளவு வருந்தத்தக்கது!

இறைவனின் திருநூல் இப்பொருளைப் பற்றிப் பேசக் கூசவில்லை. இணைச்சட்ட நூலின் 23-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பாளையமிறங்கும் மக்களுக்கு மோசே வழங்கும் கட்டளைகளுள் இதுவும் ஒன்று. தங்குமிடத்திற்கு அப்பால் இதற்கெனத் தனியிடம் குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொருவரும் தம் கருவிகளோடு மண் தோண்டும் ஒரு சிறு கருவியும் வைத்திருக்க வேண்டும். குழி தோண்டி, பின்னர் மண்ணால் மூடிவிட வேண்டும். நோயைத் தடுக்கும் வழி என்று நாம் இன்று இதனைப் பாராட்டலாம். ஆனால் மோசே காட்டும் காரணம் வேறு. ஆண்டவர் அப்பாளையத்தின் நடுவே உலவுகின்றார். ஆதலின் அவ்விடம் தூய்மையாய் இருக்க வேண்டும் என்கின்றார். அன்னையின் திருவுருவத்தைத் தேரில் ஏற்றி, ஆண்டவர் நம்மோடு நடக்கின்றார் என்று பாடிச் செல்லும் நமக்கும் இக்காரணம் பொருந்துமன்றோ?

மத்தேயு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரும், வாய்க்குள் செல்லும் உணவு வயிற்றை அடைந்து கழிப்பிடம் சேர்வதை வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றார். அதனால் மனிதர் தீட்டுப்படுவதில்லை, உள்ளத்திலிருந்து புறப்படும் தீய எண்ணமே மனிதரைத் தீட்டுப்படுத்துகின்றது என்பது அவர் போதனை. கழிப்பிடத்தில் தீட்டைக் காண்கின்ற நாம், அதைச் சுத்தம் செய்பவரைத் தீட்டெனத் தள்ளும் நம் உள்ளத்தில் தீட்டைக் காண்பதில்லை. புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில், மதிப்புக் குறைந்தனவாக நாம் கருதும் உறுப்புகளுக்கே மிகுந்த மதிப்பளிக்கின்றோம் என்று கூறுவதும் இங்கு எண்ணத்தக்கது.

அன்னை மரியாவும் நடைப்பயணிதான். கருவுற்ற நிலையில் கலிலேயாவின் நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்குச் சென்றார். பேறுகாலம் நெருங்கிய வேளையில் பெத்லகேமுக்குச் சென்றார். கருவுற்ற பெண்ணுக்கு அடிக்கடி ஒதுங்க நேரும் என்பதைத் தாய்மார்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பெத்லகேமில் விடுதியில் இடம் கிடைக்கவில்லை எனப் படிக்கும்போது, படுக்க இடமில்லை என்று மட்டுமே நினைக்கின்றோம். வழியில் தங்குவோர்க்கு வேண்டிய அனைத்தும் அந்த இடம் என்னும் சொல்லுக்குள் அடங்கும்.

நம் நாட்டின் யாத்திரைகளிலும் இதற்கொரு முன்மாதிரி உண்டு. 1915-ஆம் ஆண்டு அரித்துவாரில் கும்பமேளா நடைபெற்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியடிகள், பீனிக்சு குடியிருப்பிலிருந்து வந்த தம் தோழர்களோடு அங்குத் தொண்டாற்றச் சென்றார். தொண்டர் முகாமில் யாத்திரிகர்க்கெனக் குழிகள் வெட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பராமரிக்கக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருந்தது. கழிவை மண்ணிட்டு மூடி அப்புறப்படுத்தும் பணியைத் தம் தோழர்கள் ஏற்பர் என்று காந்தியடிகள் முன்வந்தார். பெருங்கூட்டத்தில் சொற்பொழிவாற்றவும் தலைமை தாங்கவும் எத்தனையோ பேர் கிடைத்திருப்பர். இந்தப் பணியைக் கேட்டுப் பெற்றவர் அவர்.

யார் அள்ளுவது என்னும் கேள்விதான் நம் நாட்டில் எப்போதும் முட்டுக்கட்டையாக நிற்கின்றது. கழிப்பறை கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும்; அதைக் கழுவுவதற்கு ஒரு குறிப்பிட்ட சாதியாரே வர வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் நம்மை விட்டு நீங்குவதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது போதாதெனக் கண்டு 2013-இல் மற்றொரு சட்டம் வந்தது. சட்டம் கையைத் தடுக்கலாம். உள்ளத்தைத் திருத்த அதனால் இயலாது. திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் விடியலில் துடைப்பமும் கூடையுமாக வருகின்றவர் யார் என்று நாம் கேட்டதுண்டா? நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குபெறும் உடன்பிறப்பாகவும் அவர் இருக்கக்கூடும்.

மலைவழிகளில் நடப்போர் மிகுந்த வேறு நாடுகளில் இதனை எவ்வாறு சமாளிக்கின்றனர் என்று ஆவலோடு படித்தறிந்தோம். அமெரிக்க நாட்டின் கிழக்கு மலைத்தொடரில் அப்பலாச்சியன் நடைபாதை என்று ஒன்றுண்டு. 1937-இல் முழுமை பெற்ற அப்பாதை 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்கின்றது. அதனருகே 250-க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் அருகே மரத்தாலான சிறு கழிப்பிடமும் உண்டு. அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. பாறை மிகுந்த இடங்களில் ஆழக் குழி தோண்டவும் இயலாது. அங்குள்ள தொண்டர்கள் எளிய வழியொன்றைக் கைக்கொள்கின்றனர். தரைமேலேயே மரச்சட்டங்களால் காற்றுப் புகும் தொட்டி அமைத்து, அதன்மேல் இருக்கை வைக்கின்றனர். பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி இலைச்சருகோ மரத்தூளோ போட வேண்டும். மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் மெல்ல மெல்ல அதனை எருவாக்குகின்றன. ஒரு தொட்டி நிரம்பியதும் இருக்கையை அடுத்த தொட்டிக்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை ஓராண்டும் அதற்கு மேலும் ஆறவிடுகின்றனர்.

கழிப்பிடம் இல்லாத பகுதியில் நடப்போர் அங்கே கைக்கொள்ளும் விதியும் நாம் கற்கத்தக்கது. நீர்நிலைக்கும் பாதைக்கும் ஏறத்தாழ 60 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு குழி தோண்டி, பின்னர் மண்ணால் மூட வேண்டும். மோசேயின் சட்டத்தையே அளவுகோல் வைத்துச் சொன்னது போலன்றோ இருக்கின்றது! இவ்விடங்களைப் பேணுவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். விடுமுறை நாளில் மலையேறிச் சென்று, முன்பின் அறியாதவர்க்காகக் கழிப்பிடம் கழுவிவிட்டு வருவதைப் பெருமையாகக் கருதுகின்றனர்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. நம் காவிரியின் வடகரையில் உள்ள முசிறியில், தரைக்கு மேலே எழுப்பிய அறைகளில் மலத்தையும் சிறுநீரையும் கழுவும் நீரையும் தனித்தனியே பிரித்து, மலத்தின்மேல் சாம்பல் தூவி எருவாக்கும் கழிப்பறைகள் அமைக்கப்பட்டன. அவற்றைப் பரப்புவதற்குப் பல்லாண்டுகள் உழைத்த திருச்சியைச் சேர்ந்த திரு. சுப்புராமன் அவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது. ஆற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் மிக அருகில் இருப்பதால், ஆழக் குழி வெட்டினால் கழிவு ஊற்றுநீரோடு கலந்துவிடும். டெல்டாச் சாலைகளில் நடக்கும் நமக்கும் இதே சிக்கல்தான். ஆகவே தரைக்கு மேலே, சாம்பலின் துணையோடு என்னும் வழியே நமக்கும் ஏற்றதெனத் தெளிந்தோம்.

2023-ஆம் ஆண்டு யாத்திரைக்கு முன்பு பங்கு மன்றத்தில் இதனை எடுத்துரைத்தோம். நம் பங்கிலுள்ள தச்சர் இருவர் நான்கு மர இருக்கைகள் செய்தளித்தனர். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்கள் வாங்கினோம். அரிசி ஆலையிலிருந்து உமிச் சாம்பலும் மரவாடியிலிருந்து மரத்தூளும் மூட்டை மூட்டையாக இலவசமாகவே வந்தன. இரும்புக் குழாய்ச் சட்டங்களில் தார்ப்பாய் கட்டி நான்கு மறைப்புகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் வாளி, சோப்பு, சாம்பல் டின். பெண்களின் மறைப்பில் சுத்தமான துணியும், பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள கூடையும் வைத்தோம். இவற்றை ஏற்றிய சிறு சரக்கு வண்டி நமக்கு முன்னே சென்று, ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓரிடத்தில், வாய்க்காலுக்கு எட்டாத மேட்டில் நிற்கும். மாலையில் தங்கும் ஊரில், உரிமையாளரின் இசைவு பெற்ற தென்னந்தோப்புத் திடலில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால் ஆழமில்லாக் குழி வெட்டி, டிரம்களைக் கொட்டி, சாம்பலும் மண்ணும் இட்டு மூடுவோம்.

மூடுவது யார்? நாளுக்கு நால்வராகப் பெயர்ப் பட்டியல் தயாரித்தோம். முதல் நாளுக்கு முதற்பெயராக நம் பெயரை எழுதினோம். வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்டு பதறிப்போனார்.

“பூசை வைக்கிற கை, சாமி! அந்தக் கையாலா?”

“சோப்பு வாங்கியிருக்கிறோமே ஐயா” என்றோம்.

பெரியவர் சிரிக்கவில்லை. பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களை நாம் கழுவும்போது, அப்பன்னிருவரும் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கோவிலுக்கு வருகின்றனர் என்பதை அவருக்கு நினைவூட்டினோம். ஆண்டவர் கழுவியதோ தூசியும் சேறும் படிந்த பாதங்களை. அடுத்த நாள் பட்டியலில் பெரியவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார்.

எல்லாம் செம்மையாய் நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஓரிரவு மழை பெய்து தார்ப்பாய் சாய்ந்தது. காலை வேளையில் வரிசை நீண்டது. பெண்களுக்கென எழுதி வைத்த மறைப்பில் ஆண்கள் நுழைந்துவிட, மரியாயின் சேனைத் தாய்மார் வாயிலிலேயே காவல் நிற்க வேண்டியதாயிற்று. ஆயினும் அந்த ஆண்டு மோர்ப் பந்தல்களில் நம் பெண்கள் இரண்டாம் குவளை கேட்டு வாங்கிக் குடித்தனர். மயங்கி விழுந்தவர் ஒருவருமில்லை. முந்திய ஆண்டு வீட்டில் அழுதிருந்த பெண் அவ்வாண்டு நம்மோடு நடந்து, தன் நேர்ச்சையைச் செலுத்தினாள்.

வழியில் இரண்டு வாயில்களில் கண்டதையும் குடும்பங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வண்டி பழுதுபட்டு இரண்டு மணி நேரம் பின்தங்கிவிட்ட வேளை அது. நம் பெண்கள் மூவர் ஒரு வீட்டின் கதவைத் தட்டி, கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டனர். வாயில் நிலைக்கு மேலே திருஇருதயப் படம் மாட்டிய வீடு. உள்ளிருந்து வந்தவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கள் எந்தத் தெரு ஆட்கள்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அவர்கள் விடை சொல்லவில்லை, திரும்பி நடந்தனர். அன்று மாலைவரை அவர்களுள் ஒருவர் செபமாலையைக் கையில் எடுக்கவில்லை.

அடுத்த ஊரில், நெற்றி நிறையத் திருநீறு பூசிய மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர்கள் வாய் திறக்குமுன்பே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “கொல்லையில் இருக்கிறது, போய் வாருங்கள் தாயி” என்றவர், தாமே அடிகுழாயில் தண்ணீர் அடித்து வாளியைச் சுமந்துவந்து வைத்தார். அவர்கள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். “மாதாவைப் பார்க்க நடந்து போகிற பிள்ளைகள். என் கொல்லையில் கால் வைத்தது என் கொல்லைக்குப் புண்ணியம்” என்றாராம். இவ்விரு வீடுகளுள் எதன் வாயிலில் திருஇருதய ஆண்டவர் நின்றார் என்பதை வாசகர்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

அன்பார்ந்த குடும்பங்களே, இவ்விதழ் செல்லும் வீடுகளுள் எத்தனையோ வீடுகள் யாத்திரை செல்லும் சாலைகளின் ஓரத்திலேயே உள்ளன. இருபது ஆண்டுகளுக்கு முன்பு கழிப்பறை இல்லாதிருந்த வீடுகள் பலவற்றில் இன்று அது உண்டு. யாத்திரை நாள்களில் உங்கள் வாயிலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பெண்கள் இங்கே வரலாம் என்று ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். வாளியில் தண்ணீரும் ஒரு சோப்பும் போதும். தொட்டி நிரம்பிவிடுமே என அஞ்சுவோர், அவ்வூரின் பத்து வீட்டாரும் கூடி ஆளுக்கு ஒரு நாளாகப் பகிர்ந்துகொள்ளலாம். எவரையும் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். நடந்து வருகின்றவர் என்பது போதும்.

பந்தல் போடும் அன்பர்களே, பந்தலுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் மறைப்பும் ஒரு மூட்டைச் சாம்பலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடையற்றோர்க்கு ஆடை அளித்தல், வழிப்போக்கர்க்கு இடங்கொடுத்தல் என்னும் அறச்செயல்கள் இரண்டும் அந்தத் தார்ப்பாய் ஒன்றிலேயே அடங்கும். சாலையோரத்துப் பங்குகளில் பணியாற்றும் நம் குருக்களும் அருள்சகோதரிகளும், கோவில் வளாகத்துக் கழிப்பறைகளின் பூட்டை அந்நாள்களில் இரவும் பகலும் திறந்து வைத்தால் பேருதவியாகும்.

குழுவாக நடக்கும் ஆண்மக்களே, உங்கள் சுமையில் ஒரு சிறு மண்வெட்டி இருக்கட்டும், வாய்க்காலை விட்டு விலகிச் செல்லுங்கள், மூடாமல் திரும்பாதீர்கள். கழிவை மூடும் முறை வரும்போது பெண்களிடமோ, ஏழை என்பதனால் நீங்கள் ஏவத் துணியும் எவரிடமோ அதைத் தள்ளிவிடாதீர்கள். குழுத்தலைவரே முதல் நாள் மண்வெட்டியை எடுக்கட்டும். மற்றவை தாமே நடக்கும்.

தூய்மையான குடிநீரும் கழிப்பிட வசதியும் மனித உரிமைகள் என 2010-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் பெறுவது அடிப்படை மனித உரிமை எனத் திருத்தந்தை பிரான்சிசு அவர்களும் வலியுறுத்தினார். உரிமை என்று அவர்கள் சொல்வதை நம் ஊர்ப் பெண்கள் இன்னும் கூச்சத்தோடு கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். கெஞ்சாமல் கேட்கும் நாள் விரைந்து வர வேண்டும். கேளாமலே கிடைக்கும் நாள் அதற்குப்பின் வரட்டும்.

நம் பங்கின் மர இருக்கைகள் நான்கில் ஒன்று விரிசல் கண்டிருக்கின்றது. தச்சர் இவ்வாரம் வந்து பழுது பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றார். உமிச் சாம்பல் பன்னிரண்டு மூட்டை கோவில் தாழ்வாரத்தில் அடுக்கப்பட்டுள்ளது. பெயர்ப் பட்டியலும் ஒட்டப்பட்டுவிட்டது. மூன்றாம் நாளுக்கு இன்னும் ஒருவர் தேவை. நோயாளருக்கு ஆரோக்கியமான அன்னை, தம்மை நாடி நடக்கும் மகளிர் ஒவ்வொருவரையும் நலமாய்க் கொண்டு சேர்த்து, வழியோரத்து வீடுகளின் கதவுகளையும் திறந்தருள்வாராக.